கற்பித்தல் மலிந்தது, தேர்வு நிலைத்தது: அஞ்சல்வழிப் பாடத்திலிருந்து இணையவழிப் பட்டம் வரை

கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்தையும் வீட்டிலிருந்தபடி குறைந்த செலவில் படிக்கும் படிப்பையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கட்டணத்தையும் பாடத்தின் தரத்தையுமே பேசுகிறார்கள். கடந்த அறுபது ஆண்டுகளில் இந்தியாவில், சிறப்பாகத் தமிழகத்தில், மலிவான படிப்புகளின் மதிப்பு ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் அவ்விரண்டு மட்டும் அல்ல. சேர்க்கையில் யார் தடுக்கப்பட்டார், தேர்வை யார் எவ்வளவு கண்டிப்பாக நடத்தினார், சான்றிதழை வேலை தருபவர் ஏற்றாரா என்ற மூன்று கேள்விகளே அதை முடிவு செய்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை அஞ்சல்வழிக் கல்வி, திறந்தநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி என மூன்று கட்டங்களாக ஆராய்கிறது.

தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகங்கள்

1836இல் நிறுவப்பட்ட லண்டன் பல்கலைக்கழகம் முதலில் வகுப்பு எடுக்கவில்லை; தேர்வு வைத்துப் பட்டம் அளித்தது. 1858இல் எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களும் அதன் தேர்வுகளை எழுத வழி பிறந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் அந்த லண்டன் அச்சிலேயே வார்க்கப்பட்டன. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை என்ற பிரிவினை அப்போதே வந்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அமெரிக்க மிஷனரிகள் நடத்திய அந்த நிறுவனத்தில் கற்ற கல்விக்குப் பட்டம் தந்தது கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம். ஓரிடத்தில் கற்று இன்னோரிடத்தில் சான்று பெறுவது நமக்கு இணையம் கொண்டுவந்த புதுமை அல்ல. இன்றும் தன்னாட்சி பெறாத கல்லூரிகளில் ‘ரெகுலர்’ மாணவர் எழுதுவது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வைத்தான்.

தபாலில் வந்த பாடம்

விடுதலைக்குப் பின் உயர்கல்வி கேட்டு வந்தோரின் எண்ணிக்கைக்குக் கல்லூரி இடங்கள் ஈடுகொடுக்கவில்லை. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் 1964–66இல் செயல்பட்ட கோத்தாரி ஆணையம் இன்னும் துணிந்து, உயர்கல்வி மாணவரில் மூன்றில் ஒரு பங்கினரை அஞ்சல்வழியும் மாலைக் கல்லூரியும் ஏற்க வேண்டும் என்றது.

தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இவ்வழியில் இறங்கின. ஊதிய உயர்வுக்கு முதுகலை தேவைப்பட்ட பள்ளி ஆசிரியர்கள், அரசு அலுவலக எழுத்தர்கள், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்கள் ஆகியோருக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டபோது இது திறந்தது. அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும். விடுமுறை நாளில் தொடர்பு வகுப்பு நடக்கும். தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

இதன் பொருளாதாரம் எளியது. ஒரு பாடத்தை எழுதவைக்கும் செலவு ஒருமுறைதான். அதன்பின் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆவது அச்சுக்கூலியும் தபால் செலவும். ஆகவே கட்டணம் குறைவாக இருந்தும் வருவாய் குவிந்தது, பல பல்கலைக்கழகங்களின் நிதிக்கு அதுவே தூணாயிற்று. வருவாய் நோக்கம் முந்தியதும் படிப்பு மையங்கள் தனியாரிடம் போயின, மாநில எல்லைகளைத் தாண்டின. எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் தடுக்க நேர்ந்தது. ‘கரஸ்ல படிச்சதா?’ என்று நேர்காணலில் கேட்கப்படும் கேள்வியில் இன்றும் ஒலிப்பது அந்தக் காலத்தின் ஐயம். தபாலில் வந்த பாடத்தைக் காட்டிலும் தேர்வு மையத்தில் நடந்ததைப் பற்றிய ஐயமே அதில் பெரிது.

திறந்த வாசல், மூடிய வேலை

இரண்டாம் கட்டம் சேர்க்கைத் தடையைத் தளர்த்தியது. 1969இல் பிரிட்டனில் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ) தோன்றின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. பள்ளியை முடிக்காதவரும் வயதை வைத்தோ நுழைவுத் தேர்வு எழுதியோ பட்டப்படிப்பில் சேரலாம் என்பது இம்முறையின் உயிர்நாடியாக இருந்தது. சில பல்கலைக்கழகங்கள் இளங்கலை இல்லாதவரையும் நேரடியாக முதுகலையில் சேர்த்தன.

சேரும்போது திறந்த வாசல் வேலைக்குப் போகையில் மூடிக்கொண்டது. இளங்கலை முடிக்காமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளுக்கு முரணானது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழக அரசும், பத்தாம் வகுப்பும் மேல்நிலைப் படிப்பும் முறையாக முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்க முடியாது என ஆணையிட்டது. ‘10+2+3’ என்ற வரிசை அரசு வேலைக்கு விண்ணப்பிப்போர் அனைவரும் அறிந்த இலக்கணமாகிவிட்டது.

தொழில்நுட்பக் கல்வியில் அடி இன்னும் பலமாக விழுந்தது. உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2001–05இல் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றை மீட்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேற வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பல ஆண்டுகள் பணிபுரிந்த பொறியாளரும் திரும்பவும் தேர்வறைக்குப் போக வேண்டியதாயிற்று. குறைந்த செலவில் வாங்கிய பட்டத்துக்கு அவர்கள் கொடுத்த முழு விலை நெடுங்காலம் கழித்தே தெரிந்தது.

பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம்

2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் நிதியுடன் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் பாடங்களின் விரிவுரைகள் காணொளியாகப் பதிவாகி எவரும் பார்க்கும்படி வெளியாயின. எனினும், பார்த்தவரிடம் காட்டுவதற்குச் சான்று எதுவும் இல்லை. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் தொடங்கியபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது. பாடம் இலவசமாகவே தொடர்ந்தது. தேர்வுக்கு மட்டும் சுமார் 1,000 ரூபாய் கட்டி, கண்காணிப்புள்ள மையத்தில் நேரில் எழுத வேண்டும். 2017இல் வந்த மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாக, இத்தகைய படிப்புகளில் பெறும் மதிப்பலகுகளை (கிரெடிட்) கல்லூரிப் பட்டத்திலேயே சேர்க்க முடிந்தது. முதலில் 20 விழுக்காடாக இருந்த இதன் வரம்பு 2021இல் 40 ஆக உயர்ந்தது.

தேர்வும் சான்றும் நெருக்காதபோது என்ன நடக்கும் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டியது. 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் என்னும் இணையவழிப் படிப்புத் தளங்கள் தோன்றியபோது கல்லூரிகளின் காலம் முடிந்தது என்று கூடப் பேசப்பட்டது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், 2017–18இல் பதிவு செய்தவரில் படிப்பை முடித்தவர் சுமார் 3 விழுக்காடு. சான்றிதழுக்குப் பணம் கட்டியவரிடையே அது 46 விழுக்காடு. கட்டணம் கட்டுகிறவர் முன்பே உறுதியானவர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இலவசம் என்பதே மாணவரைக் கடைசிவரை கொண்டுசேர்க்காது என்பது தெளிவு.

வடிகட்டும் இடம் மாறியது

2020 ஜூனில் சென்னை ஐஐடி தொடங்கிய தரவு அறிவியல் இளங்கலை, முந்தைய கட்டங்களின் பாடங்களை ஒன்றுசேர்த்தது எனலாம். ஐஐடிகளுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு கிடையாது, வயது வரம்பும் கிடையாது. மேல்நிலையில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் போதும். நான்கு வாரப் பாடங்களைப் படித்து, பயிற்சிகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால் அருகிலிருப்பவரோடு போட்டியும் இல்லை. பாடம் இணையத்தில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமா, பட்டம் என்ற படிகளில் எங்கு நின்றாலும் அதுவரை படித்ததற்குச் சான்று கிடைக்கும். பட்டியலின, பழங்குடி, ஏழைக் குடும்ப மாணவர்க்கு 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. கண்டிப்பு குறையவில்லை, வாசலில் இருந்த வடிகட்டி உள்ளே நகர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014இல் சுமார் 7,000 டாலரில் தொடங்கிய இணையவழிக் கணினியியல் முதுகலையும் இத்தகையதே. அதைப் பற்றிய பொருளியல் ஆய்வு ஒன்று காட்டிய வேறுபாடு நமக்கு நெருக்கமானது. வளாகப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போகும் 24 வயது இளைஞர்; இணையவழிக்கு வருபவர் 34 வயதான, வேலையிலிருக்கும் அமெரிக்கர். இரு படிப்புகளும் ஒரே மாணவருக்காகப் போட்டியிடவில்லை. இணையவழியில் இடம் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் படிக்கப் போகவும் இல்லை.

ஒப்பீடும் முடிவும்

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு நிகரானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. சட்டப்படி வேறுபாடு நீங்கிவிட்டது. ஆனால் 2020–21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, மொத்தம் 4.13 கோடி மாணவரில் தொலைநிலையில் படித்தவர் சுமார் 45.7 லட்சம், அதாவது 11 விழுக்காடு. கோத்தாரி ஆணையம் எண்ணிய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

ஆய்வுக்கூடம், நூலகம், விடுதி, வளாக நேர்காணல், ஊரைவிட்டு வெளியேறும் வாய்ப்பு ஆகியவை கல்லூரிக் கட்டணத்துக்குள் அடங்கியவை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, பாடத்தைவிட இவை பெரியவை. மறுபுறம், 2017–18இல் இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தது 15 விழுக்காட்டில்தான் என்கிறது தேசிய மாதிரி ஆய்வு. மலிவு விலைப் படிப்பும் எல்லோருக்கும் எட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே இரண்டாவது பட்டத்துக்கும், வேலையிலிருந்தபடி திறனைக் கூட்டுவதற்கும், அடைபட்ட படிப்பை மீண்டும் தொடர்வதற்கும் குறைந்த கட்டண இணையவழிக் கல்வி கல்லூரியை மிஞ்சுகிறது. பள்ளி முடித்து நேரே வரும் ஏழை மாணவரின் முதல் பட்டத்துக்கு அரசுக் கல்லூரியே இன்னும் மலிவானது, பயனும் மிக்கது. எந்த இணையப் படிப்பிலும் சேருமுன் கட்டணத்தைக் கேட்பதோடு, அதன் தேர்வு எங்கே எப்படி நடக்கிறது என்றும் கேட்க வேண்டும். பட்டம் பின்னாளில் செல்லுமா என்பதை அந்த இரண்டாவது கேள்வியின் விடையே பெரிதும் முன்கூட்டிச் சொல்லிவிடும்.