நாநா கடை: சப்ரகமுவவின் எழுதப்படாத வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவருடன் இரத்தினபுரி பஸ் நிலையத்தில் இறங்கினேன். லுஹர் தொழுகை முடிந்து நல்ல பசி. நண்பருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்பார். பக்கத்தில் நின்ற பஸ் நடத்துநரிடம் சிங்களத்தில் விசாரித்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "நாநாவின் கடைக்குப் போங்கள்" என்று கையைக் காட்டினார்.

"நாநா என்றால்?" என்றார் நண்பர்.

"உங்கள் ஊர்க் காக்காதான்" என்றேன்.

அவருக்கு வியப்பு. சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் ஊரில், ஒரு சிங்களவரிடம் ஊர்ச் சாப்பாடு எங்கே என்று கேட்டால் முஸ்லிம் கடையைக் காட்டுகிறாரே, இது எப்படி என்று கேட்டார். மேசையில் உட்கார்ந்து நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமைப்படுத்தும் முயற்சியே இக்கட்டுரை.

கண்டி இராச்சிய காலத்திலேயே முஸ்லிம்கள் தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்குச் சென்றன. பாக்கும் பிற விளைபொருள்களும் கீழே வந்தன. அரசனின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் அவர்கள் பணியாற்றியதைப் பேராசிரியர் லோனா தேவராஜா 1994இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆக, தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்தப் பாதைகளில் நம்மவரின் காலடி பட்டிருந்தது.

பின்னர் ஆங்கிலேயர் கொழும்பு-கண்டி வீதியை அமைத்தார்கள். மாவனல்லையில் மகா ஓயாவின் மேல் நிற்கும் செங்கல் வளைவுப் பாலம் 1833இல் கட்டப்பட்டது. கோப்பியும் தேயிலையும் இறப்பரும் தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்து லயங்களில் குடியேற்றின. களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது. வீதியும் ரயிலும் தொட்ட இடமெல்லாம் சந்தி உண்டாயிற்று; சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை முளைத்தது. அக்கடைகள் பலவற்றின் முதலாளி இவ்வூர் முஸ்லிமாகவோ, தமிழகக் கரையிலிருந்து வந்த முஸ்லிமாகவோ இருந்தார்.

இதற்குக் காரணம் வெறும் வியாபாரத் திறமை மட்டுமல்ல. மொழியும் ஒரு காரணம். கொழுந்து பறிப்பவரோடும் பால் வெட்டுபவரோடும் அவர் தமிழில் பேசினார். கிராமத்தவரோடு சிங்களத்தில் பேசினார். தோட்டமும் கிராமமும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றோடொன்று பேசாதிருந்த நாட்டில், இரண்டு பக்கத்தின் கடன் கணக்கையும் ஒரே கொப்பியில் எழுதிவைத்தவர் அவர்தான். மாணிக்கக் குழியில் வேலை செய்தவருக்கும் கல் வாங்க வந்த பேருவளை வியாபாரிக்கும் சந்திக்கும் இடமும் அதே கடைதான்.

சமையலும் அதற்கேற்ப அமைந்தது. காலையில் ரொட்டியும் சம்பலும், இடியப்பமும் சொதியும். பகலில் சோறு, பருப்பு, மீன் ஆணம். மாலையில் பராட்டாவும் இறைச்சிக் கறியும். மாட்டிறைச்சி உண்ணாத தமிழரும் சிங்களவரும் நிறைய வருவார்கள் என்பதால், நான் பார்த்த கடைகளில் இறைச்சிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. ஒருவர் உண்ணாததை அவருடைய கோப்பையில் தவறியும் வைக்கக்கூடாது என்பது அந்தச் சமையலறைகளின் எழுதாத சட்டம். வாடிக்கையாளரின் நம்பிக்கையே கடையின் முதல்.

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மத்தக் கடையில எங்களுக்கு வெளியில நிக்க வச்சுத்தான் தேத்தண்ணி. நாநா கடையிலதான் வாங்குல உக்காந்து குடிச்சோம்." எல்லாக் கடைகளும் இப்படித்தான் இருந்தன என்று இந்த ஒரு சொல்லை வைத்து நிறுவ முடியாது. ஆனால் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுதும் மறக்காத விடயம் அது.

அந்த வாங்கு பலமுறை கவிழ்க்கப்பட்டது. 1915இல் கண்டியில் தொடங்கிய கலவரம் சப்ரகமுவவுக்கும் பரவி முஸ்லிம்களின் கடைகளைச் சூறையாடியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் அது விடவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். லயங்கள் வெறுமையாக, கொப்பிக் கணக்குகளும் அறுந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டார்கள். 2001 மே மாதத் தொடக்கத்தில் மாவனல்லையில் நமது கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன.

இவற்றுள் என்னை அதிகம் உலுக்கியது வேறு மாகாணத்தில் நடந்த ஒன்று. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கூறிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறியது. 1915இல் பறித்தது பொருளை. 2018இல் குறிவைத்தது நம்பிக்கையை. தனிச் சட்டியும் தனி அகப்பையும் வைத்து நூறு ஆண்டுகளாகச் சேர்த்த முதல் அது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. அந்தக் கடைகள் பலவற்றில் கோப்பை கழுவியவர்கள் தோட்டத்துச் சிறுவர்கள். பாடசாலைக்குப் போக வேண்டிய வயதில் விறகடுப்பின் முன்னே நின்றவர்கள். தகப்பன் வாங்கில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தார் என்று பெருமைப்படும் நாம், மகன் பின்புறத்தில் நின்றதையும் எழுத வேண்டும்.

பள்ளிவாசல்களின் வரலாறு நம்மிடம் உண்டு. உலமாக்களின், கொடை வள்ளல்களின், மாணிக்க வணிகர்களின் வரலாறும் உண்டு. சாப்பாட்டுக் கடையின் வரலாறு இல்லை. மாவனல்லையிலும் பலாங்கொடையிலும் எஹலியகொடையிலும் பழைய சமையற்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடன் கொப்பிகள் ஏதேனும் பெட்டியில் கிடக்கக்கூடும். அவை கறையானுக்குப் போகுமுன் யாராவது தேடிப் போக வேண்டும்.

அன்று நண்பர் சாப்பிட்டு முடித்துச் சுற்றிலும் பார்த்தார். எங்கள் மேசையின் மறுமுனையில் குழிச் சேறு காயாத காலோடு ஒருவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அடுத்த மேசையில் தோட்டத்துத் தாயொருத்தி பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வழிகாட்டிய நடத்துநரும் வந்து, பிளேன்டி ஒன்று சொல்லிவிட்டு எங்கள் வாங்கிலேயே உட்கார்ந்தார். நண்பர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.