ஓடும்போது நின்றுபோகும் வாகனம்: பழுது சென்சரிலா, வயரிலா?

நன்றாக ஓடிய கார் திடீரென நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. எரிபொருள் பம்ப் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று, கராஜ்களில் 'கிராங்க் சென்சர்' எனப்படும் என்ஜின் வேக சென்சர்.

கிராங்க் ஷாஃப்டுடன் சுற்றும் பற்சில்லு ஒன்றின் அருகே இது பொருத்தப்பட்டிருக்கும். பல வாகனங்களில் அந்தச் சில்லில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களே உண்டு. அந்த இடைவெளியை வைத்தே வாகனக் கணினி என்ஜினின் நிலையை அறிகிறது. சிக்னல் நின்றால், பெரும்பாலான என்ஜின்களில் எரிபொருளும் தீப்பொறியும் நின்றுவிடும்.

ஸ்கேனரில் பி0335 என்ற குறியீடு வந்ததும் சென்சரை மாற்றச் சொல்வது வழக்கம். அந்தக் குறியீடு சொல்வது சென்சர் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. வயர், கனெக்டர், பற்சில்லு எல்லாமே சந்தேகத்துக்குரியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. பழைய வாகனத்தை வைத்திருப்போருக்கு, சென்சரைப்போலவே வயரிங்குக்கும் வயதாகிவிட்டது.

பரிசோதிக்கும் ஒழுங்கு இது:

1. பற்றரி நல்ல நிலையில் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் என்ஜின் வேகத்தைப் பாருங்கள். பூச்சியமாகவே நின்றால் சிக்னல் வராதிருக்கலாம்.

2. கனெக்டரில் எண்ணெய், பாசி, தளர்வு உண்டா? வயர் சூடான பாகத்தில் உரசியிருக்கிறதா?

3. பொதுவாக இரண்டு வயர் இருந்தால் சுருள் வகை. கழற்றி அதன் தடையை அளக்கலாம். சரியான அளவு வாகனத்துக்கு வாகனம் மாறும், உற்பத்தியாளரின் கையேட்டைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏ.சி. வோல்ட் வரவேண்டும்.

4. மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹோல் வகை. இதன் தடையை அளக்கக்கூடாது. மின் வழங்கல் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்தபின், சிக்னல் வயரை ஒசிலோஸ்கோப்பில் பார்ப்பதே நல்லது.

5. சென்சர் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, பல் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறிய நிலையில் எல்லாம் சரியாகத் தெரிந்தால் நம்பிவிட வேண்டாம். சூட்டில் மட்டும் சுருள் அறுபடலாம். என்ஜின் நின்ற சூட்டோடு மீண்டும் அளக்க வேண்டும்.

'திரும்ப ஸ்டார்ட் ஆகிறதுதானே' என்று தள்ளிப்போடுவது ஆபத்து. முந்திச்செல்லும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். ஓரிரு முறை மிதித்தபின் பிரேக்கும் இறுகிவிடும். சென்சரை மாற்றச் சம்மதிக்குமுன், எதை அளந்தார், என்ன அளவு வந்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.