பிரிந்தோரைத் தேடிய பெயர்ப் பட்டியல்கள்

பூகம்பமும் பெருவெள்ளமும் வீடுகளை இடிப்பதோடு நின்றுவிடுவதில்லை; தாயை ஒரு முகாமிலும் மகனை வேறொரு முகாமிலும் கொண்டு சேர்த்துவிடுகின்றன. இருவரும் உயிரோடிருந்தும், ஒருவர் நிலையை மற்றவர் அறியாது தவிக்கும் துயரம் இழப்பின் துயருக்குக் குறைந்ததன்று. அதைத் துடைக்க மனிதர் கண்ட கருவியோ மிக எளியது. அதுதான் பெயர்ப் பட்டியல்.

இக்கருவி முதலில் போரின் தேவையால் வளர்ந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், செஞ்சிலுவைச் சங்கம் ஜினீவா நகரில் போர்க் கைதிகளைப் பற்றிய தகவல் நிலையம் ஒன்றைத் திறந்தது. அங்கே சுமார் 1,200 தொண்டர்கள் அமர்ந்து, சிறைப்பட்டோர் பெயர்களை அட்டைகளில் எழுதி அடுக்கினர். பிற்காலத்தில் காந்தியடிகளின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோமேன் ரோலாந்தும் அத்தொண்டர்களில் ஒருவர். தேடுவோரின் அட்டையும் தேடப்படுபவரின் அட்டையும் சந்தித்தால், ஓர் இல்லத்திற்குச் செய்தி போகும். அந்நிலையத்தில் சேர்ந்த அட்டைகள் சுமார் 70 லட்சம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அந்த மேஜை இணையத்திற்கு இடம் பெயர்ந்தது. 2005 ஆகஸ்டு 29ஆம் நாள் காத்ரினா புயல் அமெரிக்காவின் லூயிசியானாக் கரையைத் தாக்கியது. காணாமற்போனோர் பட்டியல்கள் இணையத்தில் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே அவற்றைப் படித்து, ஒரே பட்டியலில் பதிந்தனர். பட்டியல்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொருட்டுப் பொதுவான ஒரு படிவ முறையும் அப்போதே வகுக்கப்பட்டது. ஆளைப் பற்றிய குறிப்பு ஒன்று, அவர் நிலையைப் பற்றிய செய்தி மற்றொன்று என்பதே அதன் அமைப்பு.

2010 ஜனவரியில் ஹெய்ட்டி பூகம்பத்தின்போது, கூகுள் நிறுவனத்தார் அம்முறையைக் கொண்டே ஆள்தேடும் கருவி ஒன்றை அமைத்தனர். 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தபோது அது பெரிதும் பயன்பட்டது. புகலிடச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த கையெழுத்துப் பட்டியல்களை மக்கள் படம் பிடித்து அனுப்பினர். தொலைவிலிருந்த தொண்டர்கள் பெயர் பெயராகப் படித்துப் பதிந்தனர். சேர்ந்த குறிப்புகள் 6 லட்சத்திற்கும் மேற்பட்டன. நம் நாட்டிலும் 2013 உத்தராகண்ட வெள்ளத்தின்போது அக்கருவி ஆங்கிலத்தோடு இந்தியிலும் இயங்கியது.

இத்தொண்டு பார்வைக்கு எளிது, பொறுப்போ பெரிது. ஜப்பானியப் பெயரொன்றின் எழுத்தைப் பலவாறு ஒலிக்கலாம். நம் நாட்டில் லட்சுமி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஓரெழுத்து மாறினால், மகன் தேடும் பெயர் தாயின் பெயரோடு பொருந்தாமற் போகும். பிழையான மரணச் செய்தி ஒரு குடும்பத்தையே கலங்கடிக்கும். தனித்து நிற்கும் குழந்தையின் விவரமோ தீயோர் கையில் சிக்கலாம். ஆகவேதான் குறிப்புகளுக்குக் கால வரம்பிட்டு, அது முடிந்ததும் நீக்கிவிடும் வழக்கமும் ஏற்பட்டது.

அட்டை போய்த் திரை வந்தது. எனினும் அன்றும் இன்றும் வேலையின் உயிர்நிலை ஒன்றே. முன்பின் அறியாத ஒருவர் பெயரை நம் உறவினர் பெயரைப் போல் எண்ணி, பிழையின்றி எழுதுவதே அது.