குப்பைக் கீரையும் இருதயமும்



சங்கப் பாடல்களைப் புரட்டும்போது, கீரை வரும் இடங்களில் நான் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. அங்கே அது பெரும்பாலும் வறுமையின் அடையாளம்; துயரத்தின் அடையாளம்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்புக்கும் வழியில்லை. அவித்த கீரையை, பிறர் கண்டு பழிப்பரே என நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனாரின் மனைவி சமைப்பதும் உப்பில்லாத குப்பைக் கீரைதான். 246ஆம் பாடலில் பெருங்கோப்பெண்டு வெறுத்து ஒதுக்கும் கைம்மை உணவிலும் வேளைக்கீரை இருக்கிறது.

இப்படி இழிவாக எண்ணப்பட்ட கீரைக்கு மதிப்பளித்தது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம். 1941இல் அமெரிக்காவின் டெக்சாசில் 4 தொன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஓர் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டே அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒக்சைட்டு பற்றிய கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. கீரையிலுள்ள நைத்திரேற்று, வாயில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு உடலில் அந்த வாயுவாக மாறக்கூடியது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 126,000க்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் அவதானித்தது. கீரை கூடுதலாக உண்டோரிடையே இருதய நோய் குறைவாக இருந்தது.

ஆனால் இது தொடர்பேயன்றி முடிந்த முடிபல்ல. ஃபோலிக் அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த இரு பெரும் ஆய்வுகள் 2006இல் வெளியாயின. அவற்றில் மாரடைப்புக் குறையவில்லை. இலையின் பணியை மாத்திரை செய்துவிடும் என்று கொள்வதற்கில்லை.

உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லும் இக்காலத்தில், அந்தப் பெண் நலமாகவே உண்டாள் என்று நாம் சொல்லிவிடலாகாது. அவள் வீட்டில் சோறு இல்லை. கீரை இருதயத்தைக் காக்கக்கூடும். வெறுங்கீரை பசியை ஆற்றாது.

விருந்தினர் வரும் நாளில் முருங்கையிலை வறையை இலையில் வைக்கத் தயங்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தப் பழைய நாணம் முற்றாக நம்மை விட்டுப் போகவில்லை போலும். கீரை உண்பதில் வெட்கமில்லை. கீரையைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்ததே வெட்கத்துக்குரியது. அந்த வெட்கமும் அவளுடையதல்ல.