இந்திய சிம்பொனி இசைக்குழு

மும்பையில் இயங்கும் மேற்கத்திய செவ்வியல் இசைக்குழு. 2006இல் தேசிய நிகழ்கலை மையத்தின் (என்.சி.பி.ஏ.) குஷ்ரு சன்டூக்கும் கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராத் பிசென்காலியேவும் தொடங்கினர். இந்தியாவின் ஒரே முழுநேரத் தொழில்முறை சிம்பொனி குழு இதுவே.

இதன் ஆண்டு, பிப்ரவரியை ஒட்டியும் செப்டம்பரை ஒட்டியும் வரும் இரு கச்சேரிப் பருவங்களைக் கொண்டது. நிரந்தரக் கலைஞர்கள் குறைவு. திருச்செங்கோடு தேருக்கு வெளியூர் நாதசுர, தவில் செட்டுகளை வரவழைப்பதுபோல், பருவம் நெருங்கும்போது வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து சேர்கிறார்கள். சில நாள் ஒத்திகை, பிறகு என்.சி.பி.ஏ.வின் ஜம்ஷெட் பாபா அரங்கில் கச்சேரி. ஓபோ, பஸூன், பிரெஞ்சு ஹார்ன் போன்ற காற்றுக் கருவிகளுக்கு நம் நாட்டில் ஆசிரியர்களே அரிது என்பதால் இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாதது. மற்ற மாதங்களில் நிரந்தரக் கலைஞர்கள் சிறுகுழுக் கச்சேரி நடத்துவதோடு, குழுவின் இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறார்கள். குழுவின் மிகப் பயனுள்ள பணி இந்தக் கற்பித்தல்தான்.

ஜாகிர் உசேன் தபலாவுக்கும் சிம்பொனி இசைக்குழுவுக்குமாக எழுதிய 'பேஷ்கார்' 2015இல் இக்குழுவால் அரங்கேறியது. 2019 பிரிட்டன் பயணத்தில் லண்டன், எடின்பரோ ரசிகர்களும் அதைக் கேட்டனர்.

ஆனால் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8இல் லண்டனில், அங்குள்ள குழுவால் அரங்கேறியது. இத்தகைய படைப்புகள் இங்கேயே அரங்கேற, தமிழகத்துக்கும் மும்பைக் குழுவைப் போன்ற ஒரு முழுநேரக் குழு அவசியம் தேவை.