மணலிலிருந்து கடலுக்கு: சோழமண்டலக் கரையில் ஆமைப் பாதுகாப்பு வளர்ந்த வரலாறு

சோழமண்டலக் கரையில் கடலாமைகளைக் காப்பதற்காகக் கடந்த அரை நூற்றாண்டில் எடுக்கப்பட்ட முயற்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி மணலில் புதைந்து கிடக்கும் முட்டையைச் சுற்றியே அமைந்திருப்பதும், கடலில் நீந்தும் தாய் ஆமையின் பக்கம் கவனம் மிகத் தாமதமாகவே திரும்பியிருப்பதும் புலப்படும். இந்தியக் கடல்களில் காணப்படும் ஐந்து இனங்களுள் இக்கரையில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே அதற்கு முதன்மையான பருவம்.

இக்கரையின் ஆமைகளைத் தமிழர் கூர்ந்து நோக்கியதற்குச் சான்று பழமையானது. அகநானூற்றின் 160ஆம் பாடல், சூல்கொண்ட ஆமை அடும்புக் கொடி சிதையக் கழிக்கரை மணல்மேட்டில் முட்டைகளைப் புதைப்பதையும், அவற்றின் புலால் நாற்றத்தையும் சொல்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை முட்டையைக் காக்கும் என்று அப்பாடல் கூறுவது இயற்கைக்குப் பொருந்தாது என்றாலும் (கடலாமைகளில் பெற்றோர் எதுவும் முட்டையைக் காப்பதில்லை), அடும்பு படர்ந்த மேட்டு மணலை ஆமை நாடுகிறது என்ற நோக்கு இன்றும் களத்தில் சரியாகவே இருக்கிறது. பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேயும் பேராமைகளை வலையிட்டுப் பிடிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. தூத்துக்குடியில் அவற்றின் இறைச்சி வெளிப்படையாக விற்கப்பட்டது, இரத்தம் மருந்தெனக் குடிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977இல் கடலாமைகள் சேர்க்கப்பட்ட பின்னரே இந்த வணிகம் குற்றமாயிற்று.

சட்டம் முழுமை பெறுவதற்கு முன்பே சென்னையில் தன்னார்வப் பணி தொடங்கிவிட்டது. ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள் 1970களின் தொடக்கத்தில் நகருக்குத் தெற்கேயுள்ள கரையில் இரவு நடை மேற்கொண்டு, மனிதரும் நாய்களும் எடுப்பதற்கு முன் முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் புதைத்தனர். இப்பணியை 1970களின் பிற்பகுதியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், 1980களில் தமிழ்நாடு வனத்துறையும் மேற்கொண்டன. 1988இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு பெசன்ட் நகர், நீலாங்கரைப் பகுதியில் அதை ஆண்டுதோறும் தொடர்கிறது. பாம்புப் பண்ணையின் வழியே களத்துக்கு வந்த சதீஷ் பாஸ்கர், நாட்டின் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே அளந்தவர். படகுகள் அண்ட முடியாத 1982ஆம் ஆண்டின் பருவமழைக் காலம் முழுவதையும், பேராமைகள் முட்டையிடுவதைக் கணக்கெடுப்பதற்காக, லட்சத்தீவின் ஆளில்லாத சுகேலித் தீவில் அவர் தனியே கழித்தார். இந்தியாவில் எந்த இனம் எங்கே கரையேறுகிறது என்ற அடிப்படை அறிவுக்கு அவர் தந்த உழைப்பு ஈடிணையற்றது.

இரவு நடையின் நுட்பம் தனித்து நோக்கத்தக்கது. ஆமை ஏறி இறங்கிய தடத்தைத் தொடர்ந்து செல்வோர், மணல் கலைந்திருக்கும் இடத்தில் மெல்லிய கோலைச் செருகிப் பார்ப்பார்கள்; இறுகிய மணலில் தடைப்படும் கோல் ஓரிடத்தில் சட்டென்று இறங்கினால் அதுவே முட்டைக் குழியின் வாய். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழமுள்ள அக்குழி குடம்போலக் கழுத்துக் குறுகி அடி அகன்றிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் அதில் இருப்பதுண்டு. இட்ட சில மணி நேரத்துக்குப் பின் முட்டைக்குள் கரு மேற்புறச் சவ்வோடு ஒட்டத் தொடங்குவதாலும், அதன் பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும் என்பதாலும், எடுத்த முட்டைகளை அன்றிரவே அதே வடிவக் குழியில் இட்டு மூட வேண்டும். மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது என்பதும் (ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆண்கள், மேலே பெண்கள் மிகும்) பின்னர் தெளிவாயிற்று. காப்பகத்தின் மேல் நிழல் போடுவதா வேண்டாமா என்பதுகூட அதனால் ஆய்வுக்குரிய கேள்வியாயிற்று.

இத்தனை உழைப்பும் முட்டைக்கே சென்ற நிலையில், 1987இல் டெபோரா குரௌஸ், லாரி குரௌடர், ஹால் காஸ்வெல் ஆகியோர் அமெரிக்கக் கரையின் பெருந்தலை ஆமைகளை வைத்து வெளியிட்ட கணக்கீடு சிந்தனையின் திசையை மாற்றியது. முட்டைகள் அனைத்தையும் காப்பாற்றினாலும், வளர்ந்தவையும் வளரும் பருவத்தினவும் வலையில் சாகும்வரை அந்த இனம் மீளாது என்பதே அதன் முடிவு. பருவமடையப் பத்தாண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் உயிரினத்தில் ஒரு தாயின் இழப்பை எத்தனை குஞ்சுகளாலும் எளிதில் ஈடுசெய்ய முடியாது. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, இழுவலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூழ்கி இறக்கிறது. இதற்கு மாற்றாக வந்த ஆமை விலக்குக் கருவி, வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பித் தடுப்பு. இறால் கம்பிகளுக்கிடையே மடிக்குச் சென்றுவிட, ஆமை தடுப்பில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். மீனும் அவ்வழியே தப்பும் என்ற மீனவரின் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. இக்கருவியில்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆயினும் கருவி தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பரவலாகவில்லை.

2025 ஜனவரியில் சென்னையையும் அதை அடுத்த கரைகளையும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் பிணமாக வந்தடைந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கெடுத்தது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால் மட்டுமே இழுவலை இட வேண்டும் என்ற விதி முன்பே உண்டு; ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் திரள்வதோ பெரிதும் அந்த எல்லைக்குள்தான். ஆகவே அவ்விதியைக் கடலில் கண்காணிப்பதே முதல் தேவை. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் முட்டையிடும் பருவத்தின் உச்சம் கடந்துவிடுகிறது.