யார் காடு? வனக் கொள்கையும் புறம்போக்கு நிலமும்



ஓட்டப்பிடாரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வ.உ.சி.யும் அவர் விட்ட கப்பலும் நினைவுக்கு வரும். பக்கத்தில் உள்ள பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வரும். காடு நினைவுக்கு வராது. கரிசல் மண்ணும் மானாவாரி வெள்ளாமையுமாக உள்ள இந்த ஊரில் வனக் கொள்கை பற்றி நினைவுரை எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் பக்கத்தில் "காட்டுக்குப் போகிறேன்" என்றால் பருத்தி எடுக்கவோ, உளுந்து பிடுங்கவோ, மிளகாய்ப்பழம் பறிக்கவோ போவதாக அர்த்தம். காடு என்றால் மானாவாரி நிலம். அதைக் கேட்டவர் அடுத்துக் கேட்பது, "யார் காட்டுக்கு?" காலனியில் பிறந்த நாம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு இன்னொருவர் பெயரைத்தான் பதிலாகச் சொல்லி வந்திருக்கிறோம். அரசின் அகராதியில் காடு என்றால் வேறு: மரம் நிற்கும், அல்லது மரம் நிற்க வேண்டும் என்று அரசு முடிவு செய்த நிலம். இவ்விரண்டுக்கும் நடுவில் புறம்போக்கு கிடக்கிறது. சமவெளியில் வனக் கொள்கையின் அரசியல் முழுவதும் அந்தப் புறம்போக்கின்மேல்தான் நடந்திருக்கிறது. அதைச் சொல்லவே இந்த உரை.

1864இல் ஆங்கிலேயர் வனத்துறையை ஏற்படுத்தினார்கள். 1878இன் வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் அப்படியே ஏற்கவில்லை. இங்குள்ள காடுகள் ஏதாவதொரு ஊரின் எல்லைக்குள் வருகின்றன, அவற்றில் ஊராரின் அனுபோகம் இருக்கிறது என்று வருவாய் வாரியம் வாதிட்டது. கடைசியில் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. சுற்றுச்சூழல் வரலாறு எழுதுவோர் இந்த விவாதத்தை விரும்பிச் சொல்வார்கள். அவர்கள் கதையில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் ஊர்.

நாம் கேட்க வேண்டியது, அந்த ஊர் என்பது யார்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இதற்கு விடை இருக்கிறது. தரிசு நிலத்துக்குச் சேரி மக்கள் மனுப் போட்டால், மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுத்தார்கள். ஊர்ப் பொது என்று சொல்லப்பட்டது சேரிக்குப் பொதுவாக இருக்கவில்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின்படி ஒதுக்கிய நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். நிலத்தைக் காடாக்கும் சட்டம் வந்து பத்தாண்டு கழித்துத்தான் நமக்கு நிலம் தரும் ஆணை வந்தது என்பதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாய்ப்பு விடுதலையோடு வந்தது. 1947இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அண்ணல் அம்பேத்கர், அரசிடம் உள்ள தரிசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்திடம் ஒப்படைத்து, பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும் என்று கேட்டார். 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் எட்டயபுரம் போன்ற ஜமீன்களின் தரிசு, காடு, கண்மாய், புறம்போக்கு எல்லாம் அரசின் கைக்கு வந்தன. கேட்டவரும் இருந்தார், கொடுக்க நிலமும் இருந்தது. ஆனால் 1952இன் தேசிய வனக் கொள்கை வேறு கணக்கைப் போட்டது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும். மலைப்பகுதியில் 60 விழுக்காடு, சமவெளியில் 20 விழுக்காடு. அக்கம்பக்கத்து மக்களின் தேவை தேச நலனுக்கு இடையூறாகக் கூடாது என்றும் அது சொன்னது. அண்ணல் கேட்ட தரிசைத் தேசம் மரத்துக்குக் கேட்டது. 1964 டிசம்பர் 6 அன்று தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் குடியரசுக் கட்சி தொடங்கிய நிலப் போராட்டம், தரிசை நிலமற்றோருக்குக் கொடு என்று கேட்டுச் சிறையை நிரப்பியது.

1976இல் தேசிய விவசாய ஆணையம் ஒரு பாகப்பிரிவினை செய்தது. அரசுக் காடுகள் ஆலைகளுக்கு மரம் தரட்டும், ஊராரின் விறகுத் தேவைக்கு ஊர்ப் பொதுநிலத்தில் மரம் வளர்க்கட்டும் என்றது. அதன் பெயர் சமூகக் காடுகள். தமிழ்நாட்டில் 1981 முதல் ஸ்வீடன் அரசின் உதவியோடு கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் கருவேலம் நடப்பட்டது. கன்று வளரும்வரை ஆடு இறங்கக் கூடாது. மரம் முற்றினால் ஏலம். காணி நிலம் இல்லாத வீட்டுக்கு அந்தக் கண்மாய்க்கரைதான் ஆட்டுக்கு மேய்ச்சல், அடுப்புக்குச் சுள்ளி. ஏலம் எடுக்க முன்பணம் வேண்டும், ஊரில் செல்வாக்கும் வேண்டும். இரண்டும் யாரிடம் இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு ஏன் இத்தனை பகை என்பதற்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது. கண்மாய் மீன், கரையின் மரம், புறம்போக்கு ஆகியவற்றில் கைவைக்கும் அதிகாரம் அந்த நாற்காலியில் இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி உடைமரத்துக்கு வருவோம். ஏடுகள் சீமைக்கருவேலம் என்று எழுதும் மரம். காமராஜர் காலத்தில் விதை தூவினார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, தாது வருடப் பஞ்சம் நடந்த 1870களில், சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் விதை கேட்டு எழுதி, கடப்பைப் பக்கம் நட்டதாக வரலாறு. வனத்துறை கொண்டுவந்த அந்த மரம் இன்று கரிசலை மூடி நிற்கிறது.

அதை வெட்டுவது யார்? விறகை அடுக்கி, தழை பரப்பி, மண்ணால் மூடி, தீ வைத்து, மூட்டத்தை நாள்கணக்கில் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் சரிந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். முள் குத்திய காலும் புகை குடித்த நெஞ்சுமாக அந்த வேலையைச் செய்பவர்களில் நம் மக்கள் நிறைய. மரம் நிலத்துக்காரருக்கு அல்லது ஏலக்காரருக்கு, கரி வியாபாரிக்கு, கூலி நமக்கு. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மரத்தை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. ஏப்ரலில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. நிலத்தடி நீர் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். மூட்டம் போடுகிறவரின் அடுத்த வேளைச் சோறும், மரம் அகன்ற புறம்போக்கு யாருக்கு என்ற கேள்வியும் அந்தப் பேச்சில் பின்னுக்குப் போயின.

1988இன் கொள்கை, காட்டின் விளைபொருளில் முதல் உரிமை உள்ளூர் ஏழைகளுக்கே என்று எழுத்தில் மாற்றிச் சொன்னது. 2006இன் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் நெடும் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி. அதை நாம் காப்போம். ஆனால் அதே சட்டம் பழங்குடியல்லாத வனவாசிகளிடம் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. பதிவேட்டில் பெயரே ஏறாத மக்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் போவதாகச் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்ற 1952இன் கணக்கேதான். மரம் நடுவதை நாம் எதிர்க்கவில்லை. வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்கு நிழலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் கேட்பது மூன்று. கன்று நடும் முன் அந்த ஊரின் புறம்போக்கு, பஞ்சமி நிலப் பதிவேடுகளைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் முதலில் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுநிலத்து மரங்களை ஏலத்துக்கு விடாமல், நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில், 2சி மரப்பட்டாவாகத் தர வேண்டும்.

ஓட்டப்பிடாரம் தனித்தொகுதி. ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் சாலையும் தண்ணீரும் கேட்கிறோம். அடுத்த முறை புறம்போக்குப் பதிவேட்டையும் கேட்போம். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஓர் ஊராக எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, அதை எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு நினைவுரையை அந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம்.